பாரிஸில் பிரெஞ்சுப் புரட்சியின் தடங்கள்: நேரில் கண்டவர்களின் அனுபவங்கள்

தொடக்கப் பதிவு

பள்ளி வரலாற்று நூலில் பாஸ்டில் சிறை வீழ்ந்த கதையைப் படித்த நாளிலிருந்து அந்த இடத்தை நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. அலுவல் காரணமாகப் பாரிஸில் பத்து நாட்கள் தங்க நேர்ந்தபோது, முதல் ஞாயிற்றுக்கிழமையே மெட்ரோ பிடித்து பாஸ்டில் நிலையத்தில் இறங்கினேன். மேலே வந்து பார்த்தால் சிறையும் இல்லை, இடிந்த சுவரும் இல்லை. வண்டிகள் வளைந்து செல்லும் ஒரு சதுக்கமும் அதன் நடுவில் உயரமான ஒரு தூணும்தான் இருந்தன. அதையே 1789இன் நினைவுச் சின்னம் என்று எண்ணி நான்கைந்து படங்கள் எடுத்து வீட்டுக்கும் அனுப்பிவிட்டேன். பிறகுதான், அது 1830 ஜூலையில் மூன்று நாட்கள் நடந்த கிளர்ச்சியில் மாண்டவர்களுக்காக எழுப்பப்பட்டது என்பது தெரிந்தது. அந்தக் கிளர்ச்சி வீழ்த்திய பத்தாம் சார்லஸ் வேறு யாருமல்லர், கில்லட்டினில் தலை வெட்டப்பட்ட பதினாறாம் லூயியின் கடைசித் தம்பி. அண்ணனைக் கொன்ற நாட்டில் தம்பியர் இருவர் அடுத்தடுத்து முடிசூடி ஆண்டார்கள் என்பதைப் பாடநூல் எனக்குச் சொல்லித்தரவில்லை, அல்லது அந்தப் பக்கத்தை நான் புரட்டாமல் விட்டிருக்கலாம்.

1789 ஜூலை 14 அன்று சிறையாக இருந்த பாஸ்டில் கோட்டைக்குள் இருந்த கைதிகள் ஏழே பேர். மக்கள் அங்கே திரண்டதற்கு முதற்காரணம் கைதிகளல்லர், உள்ளே சேமித்து வைத்திருந்த வெடிமருந்து. கோட்டையை இடித்தெடுத்த கற்களில் ஒரு பகுதி சேன் ஆற்றின் மேல் அப்போது கட்டப்பட்டு வந்த பாலத்துக்குப் போயிற்று. இன்று கான்கார்ட் பாலம் என்று அழைக்கப்படும் அதன் வடமுனையில் உள்ள சதுக்கத்தில்தான் 1793 ஜனவரி 21 அன்று மன்னரின் தலை விழுந்தது. சிறையைத் தேடிப் போனவன் கடைசியில் அதன் கல்லை மிதித்துக்கொண்டு ஆற்றைக் கடந்ததோடு திரும்பினேன். இப்படிப் புரட்சியின் தடங்களைத் தேடிப் போனவர்கள் வேறு எதைக் கண்டீர்கள் என்று எழுதுங்கள்.

முதல் மறுமொழி

பாரிஸின் கிழக்கில், நாசியோன் சதுக்கத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில், பிக்பூஸ் என்ற சிறிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நான் போன பிற்பகலில் என்னைத் தவிர அங்கே ஒரு முதிய தம்பதி மட்டுமே இருந்தனர். 1794 ஜூன் 14 முதல் ஜூலை 27 வரை கில்லட்டின் அந்தச் சதுக்கத்தில்தான் நின்றது. ஆறே வாரங்களில் அங்கே வெட்டப்பட்ட 1,306 பேரின் உடல்களை இரவோடிரவாக வண்டியில் ஏற்றி வந்து, இந்தத் தோட்டத்தின் மூலையில் தோண்டிய இரண்டு குழிகளில் கொட்டினார்கள். ஜூன் 10 அன்று நிறைவேறிய ஒரு சட்டம், குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமையைப் பறித்து, நீதிமன்றத்துக்கு விடுதலை, மரணம் என்ற இரண்டே தீர்ப்புகளை விட்டுவைத்திருந்ததால்தான் அவ்வளவு விரைவு கைகூடியது.

என்னை அங்கே நிறுத்தி வைத்தது குழிகளல்ல, தேவாலயத்தின் சுவர்களில் பதித்திருக்கும் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் அருகில் வயதும் தொழிலும் பொறிக்கப்பட்டுள்ளன. பிரபுக்களின் பெயர்களைத்தான் பார்க்கப் போகிறேன் என்று நினைத்துப் போனவனுக்கு, வீட்டு வேலைக்காரர்களும் கைவினைஞர்களும் சிறு வணிகர்களும் வரிசை வரிசையாக எதிர்ப்பட்டார்கள். அந்த 1,306 பேரில் 702 பேர், ஆண்கள் 579 பேரும் பெண்கள் 123 பேரும், சாதாரண மக்கள். பிரபுக்களின் ஆதிக்கத்தை ஒழிக்க வந்த புரட்சி அதன் கடைசிக் கோடையில் எளியவர்களைத்தான் அதிகம் விழுங்கியது என்பதை நான் ஏட்டில் படித்திருந்தேன். ஆனால் ஒரு வேலைக்காரப் பெண்ணின் வயதைச் சுவரில் பார்ப்பது வேறு. கொம்பியேன் நகரத்துக் கார்மேல் சபைக் கன்னியர் பதினாறு பேரும் ஜூலை 17 அன்று கொல்லப்பட்டு இங்கேதான் புதைக்கப்பட்டார்கள். இந்தக் கொலைகளின் காலத்தில் ஆட்சியை வழிநடத்திய ரோபஸ்பியரின் தலை ஜூலை 28 அன்று விழுந்தது. பதினொரு நாள் முந்தியிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள்.

தோட்டத்தின் கோடியில் ஒரு கல்லறையின் மேல் அமெரிக்கக் கொடி பறக்கிறது. அது அமெரிக்க விடுதலைப் போரில் பங்கெடுத்த பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட்டின் கல்லறை. மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் வரைவை 1789 ஜூலையில் பிரான்ஸின் தேசியச் சபையின் முன் வைத்தவர் அவர். அவர் மனைவியின் பாட்டி, தாய், தமக்கை மூவரும் ஜூலை 22 அன்று ஒரே நாளில் வெட்டப்பட்டு, சுவருக்கு அப்பால் உள்ள குழியில் கிடக்கிறார்கள். அந்த உறவினால்தான் 1834இல் அவருக்கு இங்கே இடம் கிடைத்தது. கொலையுண்டவர்களின் வழித்தோன்றல்களுக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும் உரிய தோட்டம் இது.

இரண்டாம் மறுமொழி

பிக்பூஸை நானும் பார்த்திருக்கிறேன், மேலே எழுதியதில் ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் பிக்பூஸை மட்டும் பார்த்துவிட்டு ஊர் திரும்புபவருக்கு, எதை எதிர்த்து அந்த மக்கள் எழுந்தார்கள் என்பது விளங்காமலே போய்விடும் என்ற குறை எனக்கு உண்டு. நான் சொல்லப்போகும் இடம் லக்சம்பர்க் அரண்மனைக்கு எதிரே, வொஜிரார் தெருவில் 36ஆம் எண் கட்டடத்தின் வளைவின் கீழ் இருக்கிறது. சுவரில் ஒரு பளிங்குப் பட்டை, அதில் ஒரு மீட்டர் நீளத்துக்கு அளவுக் கோடுகள், மேலே ‘மீட்டர்’ என்ற சொல், அவ்வளவுதான். புதிய அளவை மக்களின் கைக்குப் பழக்குவதற்காக 1796, 1797 ஆண்டுவாக்கில் நகரில் பதினாறு இடங்களில் இவற்றைப் பதித்தார்கள். முதலில் வைத்த இடத்திலேயே இன்றும் இருப்பது இது ஒன்றுதான்.

பழைய ஆட்சியில் அளவு என்பது வெறும் கணக்கல்ல, அதிகாரம். ஊருக்கு ஊர் படி வேறு, முழம் வேறு; தானியமாக வாரம் வாங்கிய பிரபு தன் மரக்காலைத் தானே வைத்திருந்தார். நம் ஊர்ப் பண்ணையார் வீட்டில் வாங்குவதற்கு ஒரு மரக்காலும் கொடுப்பதற்கு ஒரு மரக்காலும் இருந்ததாகப் பாட்டி சொல்லக் கேட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1789இல் மன்னருக்கு அனுப்பிய குறைப் பட்டியல்களில், நாடு முழுவதற்கும் ஒரே அளவு வேண்டும் என்று பல ஊர்கள் கேட்டிருந்தன. அந்த ஆண்டு ஆகஸ்ட் 4 இரவில் பிரபுக்களின் சிறப்புரிமைகள் சபையில் கைவிடப்பட்ட பிறகு, அளவும் அவர்கள் கையை விட்டுப் போயிற்று. டன்கர்க்கிலிருந்து பார்சிலோனா வரை இருவர் ஏழு ஆண்டுகள் அலைந்து நிலத்தை அளந்தார்கள். துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தொலைவில் கோடியில் ஒரு பங்கு மீட்டராயிற்று. நெப்போலியன் 1812இல் பழைய அளவுகளின் பெயர்களை மீண்டும் அனுமதித்ததும், 1840இல்தான் மீட்டர் முழுமையாகக் கட்டாயமானதும் தனிக்கதை.

இந்தப் புதிய அளவுகளை வகுக்க அமைத்த குழுவில் இருந்த வேதியியலாளர் லவாய்சியர், வரி வசூல் குத்தகையில் பங்கு வைத்திருந்தவர் என்பதால், 1794 மே 8 அன்று கில்லட்டினுக்கு அனுப்பப்பட்டார். நான் அந்தப் பளிங்கின் மேல் என் கையை விரித்து வைத்துப் பார்த்தேன். ஐந்து சாணுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. என் மகன் தன் பள்ளி அளவுகோலை எடுத்துக் கோட்டோடு கோடு சேர்த்துவிட்டு, ‘சரியாகத்தான் இருக்கிறது’ என்றான்.