புதுப்பிப்பு: முதுகெலும்பு இணைப்பு ஆபரேஷன் முடிந்து 7 வாரம்

இடுப்புப் பக்க முதுகெலும்பில் எல்4-எல்5 என்கிற நான்காவது, ஐந்தாவது எலும்புகளை ஸ்க்ரூ, ராடு வைத்து இணைக்கப் போகிறார்கள், பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா, ஆபரேஷன் முடிந்தது, கால் வழியே இழுத்த அந்த வலி அன்றைக்கே போய்விட்டது. சிக்கல் அப்புறம்தான். வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள், எழுந்து உட்கார்ந்தால் மண்டை பிளக்கிற தலைவலி, படுத்தால் பத்து நிமிடத்தில் காணோம். தூக்கம் போதவில்லை என்று நினைத்து காபியாகக் குடித்துச் சமாளித்தேன், முட்டாள்தனம். இரண்டு நாளில் கட்டு நனைந்து தண்ணீர் மாதிரி கசிந்தது. நரம்புகளைச் சுற்றியுள்ள சவ்வில் சின்னக் கிழிசல், தண்டுவட நீர் கசிகிறது, தலைவலியும் அதனால்தான் என்றார்கள். மறுபடி ஆபரேஷன் தியேட்டர், தையல், நான்கு நாள் மல்லாந்த படுக்கை.

இப்போது தலைவலி இல்லை. இடது கால் கட்டைவிரல் மட்டும் இன்னும் மரத்தே இருக்கிறது, நரம்பு தேற மாதக்கணக்கில் ஆகுமாம். எலும்புகள் ஒன்றுசேர 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை பிடிக்கும், அதனால் குனிவது, திரும்புவது, குடம் தூக்குவது எல்லாம் தடை. டிரமடால் என்ற வலி மாத்திரையால் வரும் மலச்சிக்கலைப் பற்றி யாருமே முன்கூட்டிச் சொல்லவில்லை, சில நாள் அதுதான் பெரிய வேதனை. உட்கார்ந்தால் மட்டும் தலை வலித்தாலோ கட்டு நனைந்தாலோ அன்றைக்கே டாக்டருக்குப் போன் போடுங்கள்.