புதுப்பிப்பு: பைபர் படகின் உளுத்த பின்பலகையை மாற்றியாயிற்று

மொரீஷியஸின் மாயேபூரில் நிற்கும் என் சின்ன பைபர் படகில், எஞ்சின் மாட்டும் பின்பலகைக்குள் பிளைவுட் உளுத்துவிட்டது, புதுப்பலகையைக் கட்டுமானப் பசையால் ஒட்டினால் தாங்குமா என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. தாங்குகிறது.

பின்பலகையின் உள்பக்கத் தோலை, அதாவது பிளைவுட்டை மூடியிருக்கும் பைபர் அடுக்கை, கிரைண்டரால் அறுத்து எடுத்ததும், பழைய பிளைவுட் ஊறவைத்த புளி மாதிரி கையோடு வந்தது. வெளித்தோலை 40 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்தேன்.

கைகொடுத்தது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து அண்ணன் சொன்ன வழிதான்: நுரைக்காத பாலியூரித்தேன் பசையை வரிவரியாகப் பூசி, பலகையில் லேசாகத் தண்ணீர் தெளித்து ஒட்டுவது. இந்தப் பசை ஈரத்தை இழுத்துத்தான் இறுகும்; பைபருக்கும் பலகைக்கும் நடுவே காற்று போகாது. தண்ணீர் தெளிக்காமல் ஒட்டிப் பார்த்த சோதனைத் துண்டைப் பிளந்தபோது ஓரம் கல்லாகியிருந்தது, நடுவில் இன்னும் பிசுபிசுப்பு. கிளாம்பை அளவோடு முறுக்குங்கள், இல்லாவிட்டால் பசை முழுக்க வெளியே வழிந்துவிடும்.

எதிர்பாராதது ஒன்று: தண்ணீர் மேல் விளிம்பு வழியாக இறங்கவில்லை, எஞ்சின் போல்ட் ஓட்டைகள் வழியாகத்தான் இறங்கியிருக்கிறது. புதுப்பலகையில் ஓட்டைகளைப் பெரிதாகத் துளைத்து, கெட்டி எபோக்சியால் (இரண்டு பாகத்தைக் கலந்தால் இறுகும் பிசின்) அடைத்து, காய்ந்தபின் அதன் நடுவில் போல்ட்டுக்குத் துளைத்தேன். இதை மட்டும் விடாதீர்கள்.

உள்பக்கமும் விளிம்புகளும் எபோக்சியும் கண்ணாடி இழைத் துணியும் போட்டு மூடியாயிற்று. பசையை மட்டும் நம்பக்கூடாது. என்னுடையது சின்ன எஞ்சின். பெரிய எஞ்சின் மாட்டுகிறவர்கள் ஒட்டுவதற்கும் எபோக்சியையே எடுங்கள்.