ஹேமர் பவளத்தில் பழுப்புக் கூழ்: காப்பாற்ற வழி உண்டா?

கேள்வி:
என் கடல்நீர்த் தொட்டியில் இரண்டு ஆண்டுகளாக நன்கு விரிந்திருந்த ஹேமர் பவளத்தின் (உணர்கொம்பு நுனிகள் சுத்தியல் போலிருக்கும் உயிர்ப்பவளம்) ஒரு தலை, அதாவது கிளை நுனியிலுள்ள சதைப்பகுதி, நேற்று முன்தினம் சுருங்கியது. இன்று காலை அதன் மேல் பழுப்புக் கூழ் படர்ந்து, நீரோட்டத்தில் நூல் நூலாக ஆடுகிறது. அடுத்த தலையும் பாதி உள்ளிழுத்துக்கொண்டது. நீரின் உப்படர்த்தி (ஒப்படர்த்தி அளவில்) 1.025, வெப்பநிலை 26 டிகிரி செல்சியஸ். மிகவும் கவலையாக இருக்கிறது, என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
இது பழுப்புக் கூழ் நோயாகவே தெரிகிறது. விரைந்து பரவும் என்பதால் நாளைக்கு ஒத்திப்போடாதீர்கள். முதலில் பம்புகளை நிறுத்துங்கள், இல்லையேல் கூழ் பிய்ந்து மற்ற பவளங்களில் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய குழாயால் கூழை உறிஞ்சி வெளியேற்றிய பின், பவளத்தை வெளியே எடுத்து, நோயுற்ற தலையை அதன் கிளையோடு வெட்டி நீக்குங்கள். நலமான தலையின் சதையில் வெட்டு படக் கூடாது. எஞ்சியதை, பவளங்களுக்கென விற்கும் அயோடின் கரைசலில், புட்டியில் குறித்த அளவையும் நேரத்தையும் மீறாமல் முக்கி எடுங்கள். அந்த நீர் தொட்டிக்குத் திரும்பக் கூடாது. கையுறையும் கண்காப்பும் கட்டாயம்.

மறுமொழி 2:
வெட்டுவதே சரி. ஆனால் நீரின் காரத்தன்மையை அளந்தீர்களா? ஹேமரின் உறவினமான என் டார்ச் பவளம், காரத்தன்மை இரண்டே நாளில் 7 டிகேஎச்சிலிருந்து (காரத்தன்மையின் அலகு) 11க்கு ஏறிய பிறகுதான் இப்படிச் சாய்ந்தது. காரத்தன்மையின் அளவை விட அதன் நிலைத்தன்மையே முக்கியம் என்பது என் கருத்து.

கேட்டவர்:
வெட்டிவிட்டேன், கூழை எடுக்கையில் அழுகல் நாற்றம் வீசியது. எஞ்சிய தலை தனித்தொட்டியில் இருக்கிறது. மாலையில் அதன் உணர்கொம்புகளின் நுனி சற்றே வெளியே தெரிந்தது. இருவருக்கும் நன்றி.