மதுரை இரவுச் சாப்பாடு: பத்தி எழுதுபவர் எதைக் கவனிக்க வேண்டும்?

பத்தி நிருபர்: வார இதழுக்கு ஊர் ஊராகச் சாப்பாட்டுப் பத்தி. அடுத்தது மதுரை, ஒரே ஒரு மாலை. பருத்திப் பால், ஜிகர்தண்டா, கறி தோசை மூன்றும் உண்டு. எந்த வரிசையில் போகலாம்? 'சுவை அள்ளியது' என்று எழுதாமல் தப்பிக்க எதைப் பார்க்கணும்?

வைகைக்கரை: நீங்க சொன்ன வரிசையே சரி. கறி தோசையை முதலில் சாப்பிட்டால் நாக்கில் நெய்ப்பசை படிந்து ஜிகர்தண்டாவில் நன்னாரி வாசம் தெரியாது. விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா, இருட்டியதும் சிம்மக்கல்லில் கறி தோசை. நடக்கிற தூரம்தான்.

கறி தோசையில் கல்லைப் பாருங்க. ஊத்தப்பக் கனத்தில் மாவு, மேலே அடித்த முட்டை, அதன்மேல் கொத்துக்கறி. முட்டைதான் பசை. அது பாதி வெந்திருக்கும்போதே கறியைப் பரப்பி அழுத்தணும். முழுக்க வெந்துவிட்டால் ஒட்டாது. கறியில் குழம்புத் தண்ணி இருந்தாலும் திருப்பும்போது உதிர்ந்துவிடும். கல் அதிகமாகக் காய்ந்தால் அடி கருகும், நடுவில் மாவு பச்சையாக நிற்கும்.

பிசின்: ஜிகர்தண்டாவுக்கு அடித்தளம் சுண்டக் காய்ச்சிய பால். சிறு தீயில் ஒரு லிட்டர் பாதியாகி லேசான பழுப்பு வரணும். பாதாம் பிசின் ஒரு டீஸ்பூனுக்கு இரண்டு டம்ளர் தண்ணி, இரவு முழுக்க ஊறணும். குறைந்தால் நடுவில் கல் மாதிரி கடிபடும். சில இடங்களில் பிசினுக்குப் பதில் கடல்பாசி (அகர் அகர்). கண்டுபிடிப்பது சுலபம்: பிசின் உருவமில்லாமல் உதிரியாக இருக்கும், கடல்பாசியில் கத்தி வெட்டிய விளிம்பு தெரியும். வீட்டில் செய்பவர்களுக்கு: எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) போட்ட நன்னாரி சர்பத் பாலைத் திரித்துவிடும்.

பத்தி நிருபர்: அருமை. பருத்திப் பால்?

வைகைக்கரை: ராத்திரி ஊறிய பருத்திக்கொட்டையை அரைத்து, இரண்டு மூன்று முறை பிழிந்த பால். கெட்டிக்கு அரிசி மாவு. பச்சை வாடை போன பிறகே வெல்லம். பாகை வடிகட்டாமல் ஊற்றியிருந்தால் கடைசி வாயில் மண் நறநறக்கும். அதுக்காகவே டம்ளரை அடிவரை குடிங்க. சுக்கு தொண்டையில் தெரியணும்.

பிசின்: இன்னொன்று சார். மாஸ்டரிடம் கேள்வி கேட்பதென்றால் கூட்டம் சேருமுன் போங்க. எட்டு மணிக்கு மேல் கல்லை விட்டுக் கண்ணெடுக்க மாட்டார். விலை எழுதினால் தேதியும் போடுங்க.