மாத்திரை கொண்டுவருபவரே உதவித்தொகையையும் கேட்டு எழுதலாமா?

அமராவதிக்கரை:
எங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு, வீடு தேடி மருந்து தரும் அரசுத் திட்டமான 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர் மாதாமாதம் சர்க்கரை மாத்திரை தந்துவிடுகிறார். ஆனால் பாட்டி ஒருவேளைதான் சமைக்கிறார். அரைவயிற்றோடு கிளிமிபிரைடு என்ற அந்த மாத்திரையைப் போட்டால் சர்க்கரை சரசரவென்று இறங்கி மயக்கம் வரும், அப்படி விழுந்தும் இருக்கிறார். முதியோர் உதவித்தொகைக்கு அவர் விண்ணப்பிக்கவே இல்லை. இ-சேவை மையம் வரை நடக்க முடியவில்லை.

மாத்திரை மக்கள் நல்வாழ்வுத் துறை, உதவித்தொகை வருவாய்த் துறை, முதியோர் பராமரிப்பு சமூக நலத் துறை. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்ததில் இருந்து ரேஷன் பொருளோடு கூட்டுறவுத் துறையும் முதியவர்கள் வீட்டுக்குப் போகிறது. இத்தனை பேரும் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு வேலை செய்தால் என்ன? வீட்டுக்குள் போகிற தன்னார்வலரே, "இவருக்குச் சாப்பாடு இல்லை, உதவித்தொகை இல்லை" என்று எழுதி அனுப்பட்டும்.

முன்னாள் கிராம செவிலி:
எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்துக்கு 2024இல் ஐ.நா. விருது கிடைத்தது. அதற்குக் காரணம் சுய உதவிக் குழுவில் இருந்து தன்னார்வலராக வந்த அந்தப் பெண்கள்தான். ஊக்கத்தொகை வாங்குபவர்கள், அரசு ஊழியர்கள் அல்ல. ரத்த அழுத்தம் பார்ப்பது, மாத்திரை தருவது, செயலியில் ஏற்றுவது என்று ஏற்கெனவே கைநிறைய வேலை. இன்னொரு படிவம் கொடுத்தால், முதலில் விட்டுப்போவது ரத்த அழுத்தம் பார்ப்பதுதான்.

அதைவிடப் பெரிய கவலை எனக்கு உண்டு. எதையும் குடைந்து கேட்காததால்தான் தன்னார்வலரை எல்லோரும் வீட்டுக்குள் விடுகிறார்கள். முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை என்கிறது 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். "இந்தம்மா நம்மைப் பற்றி எழுதுகிறார்" என்று ஒரு மகனுக்குத் தோன்றிவிட்டால் கதவு திறக்காது, மாத்திரையும் நின்றுபோகும்.

கோட்டாட்சியர் அலுவலக வாசல்:
அக்கா, உதவித்தொகை கேட்பது யார் மீதும் புகார் அல்லவே? அதையும் இதையும் சேர்க்காதீர்கள்.

புகாரையே எடுத்துக்கொண்டாலும், கோட்டாட்சியர் தலைமையில் உள்ள பராமரிப்புத் தீர்ப்பாயம் தானாக முன்வந்தே விசாரிக்கலாம் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் கோட்டாட்சியர் காதுக்கு யாராவது கொண்டுபோனால்தானே அது நடக்கும்? நடமாடுகிறவர் மனு கொடுக்க வருவார். படுத்த படுக்கையாக இருப்பவரைப் வீட்டில் போய்ப் பார்ப்பது தன்னார்வலர், பிசியோதெரபிஸ்ட், வலி நிவாரணச் செவிலி போன்றவர்கள்தான்.

பாலக்காட்டுத் தமிழன்:
கேரளத்தில் பட்டியலை மட்டும் இணைத்துவிட்டு நிற்கவில்லை. 2008இல் வலி நிவாரணப் பராமரிப்புக்குக் கொள்கை வகுத்து, வீடு தேடிப் போகும் செவிலியர் செலவைப் பஞ்சாயத்தின் திட்ட நிதியில் சேர்த்தார்கள். வயோமித்ரம் திட்டத்திலும் சமூக நீதித் துறையின் கீழ் உள்ள சமூகப் பாதுகாப்பு மிஷன், நகராட்சிகளோடு சேர்ந்து 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவரையும் மருந்தையும் கொண்டுபோகிறது. பணமும் பொறுப்பும் உள்ளாட்சியிடம் இருப்பதால், வேலை நடக்காவிட்டால் மக்கள் வார்டு உறுப்பினரைப் பிடித்துக் கேட்க முடிகிறது. அமராவதிக்கரை சொல்கிற பட்டியல் வந்தால் யாரைப் போய்க் கேட்பது?

முன்னாள் கிராம செவிலி:
நானும் அதைத்தான் கேட்கிறேன். எழுதி அனுப்பியது தாலுகா அலுவலகத்தில் தூங்கினால், அடுத்த மாதம் "என்ன ஆச்சு?" என்று பாட்டி கேட்பது அந்தப் பெண்ணைத்தான்.

அமராவதிக்கரை:
சரி, பட்டியலை விடுங்கள். மாதம் ஒருநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம செவிலியர், கிராம நிர்வாக அலுவலர், ரேஷன் கடை விற்பனையாளர், சமூக நலத் துறையில் இருந்து ஒருவர் என்று கூடி உட்காரட்டும். தன்னார்வலர் வாயால் சொன்னால் போதும். விண்ணப்பம் போடுவது கிராம நிர்வாக அலுவலர் பொறுப்பு. 1,200 ரூபாய் கைக்கு வந்தால் பாட்டி இரண்டு வேளையாவது சமைப்பார்.

முன்னாள் கிராம செவிலி:
உதவித்தொகை, ரேஷன் இரண்டோடு நிறுத்திக்கொண்டால் ஒத்துக்கொள்கிறேன், அதுவும் முதியவர் சரி என்று சொன்ன பிறகு. வீட்டுச் சண்டை அந்தக் கூட்டத்துக்கு வரக் கூடாது. அதற்கு முதியோருக்கான 14567 உதவி எண் இருக்கிறது.

கோட்டாட்சியர் அலுவலக வாசல்:
படுக்கையில் கிடப்பவர் கையில் போன் இருக்காது, அக்கா. அவருக்காகக் கூப்பிடுவது யார் என்று சொல்லுங்கள், நானும் உங்கள் பக்கம் வருகிறேன்.

முன்னாள் கிராம செவிலி:
கிராம செவிலியர் கூப்பிடட்டும். அவர் அரசு ஊழியர், இடமாற்றம் கேட்டு வேறு ஊருக்குப் போய்விடலாம். தன்னார்வலர் அதே தெருவில் குடியிருப்பவர், நாளைக்கும் அந்த வீட்டைத் தாண்டித்தான் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டும்.