ஊசியைக் கண்டாலே மயக்கம்: பிரசவத்தை எப்படிக் கடப்பது?

கேள்வி:
நான் நான்கு மாதக் கர்ப்பிணி. சிறு வயதிலிருந்தே ஊசியைக் கண்டால் கை கால் சில்லிட்டு, காது அடைத்து, கண் இருட்டிக்கொண்டு வரும். சென்ற முறை இரத்தம் எடுத்தபோது நாற்காலியிலேயே சரிந்துவிட்டேன். இனி சர்க்கரைப் பரிசோதனை, தடுப்பூசி, பிரசவத்தின்போது ட்ரிப்ஸ் என்று வரிசையாகக் காத்திருப்பதை நினைத்தால் தூக்கமே வருவதில்லை. இதே பயத்தோடு பிள்ளை பெற்றவர்கள் வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1:
சகோதரி, நான் மகப்பேறுப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். இது கோழைத்தனம் அன்று. ஊசியைக் கண்டதும் சிலருக்கு இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் முதலில் ஏறி, பிறகு சட்டென்று இறங்கிவிடுவதால், மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைந்து மயக்கம் வருகிறது. ஆகவே, 'உடம்பைத் தளர்த்திக்கொள்ளுங்கள்' என்ற வழக்கமான அறிவுரை உங்களுக்குப் போதாது. இறங்கும் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஊசி போடாத கையின் தசைகளையும் இரு கால்களின் தசைகளையும் முகத்தில் சூடு ஏறும்வரை, சுமார் 10 முதல் 15 விநாடிகள், இறுக்கிப் பிடியுங்கள். பிறகு 20 முதல் 30 விநாடிகள் இயல்பாக விட்டு, இவ்வாறே ஐந்து முறை செய்யுங்கள். வயிற்றை இறுக்கவோ மூச்சை அடக்கவோ வேண்டாம். இரத்த அழுத்தம் அதிகமாக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. இரத்தம் எடுக்கும்போது படுத்துக்கொள்ளக் கேளுங்கள். மாதம் ஏற ஏற மல்லாந்து படுக்காமல் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுப்பது நல்லது.

மறுமொழி 2:
எனக்கும் இதே பயம்தான். ட்ரிப்ஸ் ஏறும் நேரம் முழுவதும் ஊசி கைக்குள்ளேயே இருக்கும் என்று நம்பி நடுங்கிக்கொண்டிருந்தேன். பரிசோதனைக்குச் சென்ற ஒரு நாளில் செவிலியர் ட்ரிப்ஸ் ஏற்றுவதற்காக நரம்பில் செருகும் கேனுலா ஒன்றைப் புதிதாகப் பிரித்து, குத்திய பிறகு எடுத்துவிடும் ஊசியைப் பின்புறமாக உருவிக் காட்டினார். மிஞ்சியது வளைத்தால் வளையும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மட்டுமே. அதைத் தொட்டுப் பார்த்த பிறகு பாதிப் பயம் போய்விட்டது. தோலை மரக்கச் செய்யும் களிம்பும் உண்டு. ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாகத் தடவினால்தான் பலன் தரும் என்பதால், எந்த இடத்தில் குத்துவார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3:
பயத்தால் பரிசோதனைகளைத் தவிர்த்துவிடாதீர்கள். பல பரிசோதனைகளுக்கு ஒரே முறை எடுக்கும் இரத்தம் போதும். படத்தில் தொடங்கிப் படிப்படியாக ஊசியை எதிர்கொள்ளப் பழக்கும் மனநலச் சிகிச்சைக்கு உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. குழந்தை பிறந்தவுடன் இரத்தப்போக்கைத் தடுக்க ஆக்சிடோசின் ஊசி போடுவது வழக்கம். அந்த நேரத்தில் திடுக்கிடாதபடி, எப்போது, எங்கே, யார் சொல்லிவிட்டுப் போடுவார்கள் என்பதை இப்போதே மருத்துவரிடம் பேசி, உங்கள் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.