ஏர்பேக் ரீகால் பாக்கினு காட்டுது, பார்ட் வரலைங்கறாங்க, அது வரைக்கும் வண்டிய ஓட்டலாமா?

கடலூர்_ராம்:

எல்லாருக்கும் வணக்கம். 2011 மாடல் ஜப்பான் கம்பெனி செடான் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கி ஓட்டிட்டு இருக்கேன், வண்டியில ஒரு குறையும் கிடையாது, இஞ்சின் ஏசி எல்லாம் நல்லா இருக்கு. இன்சூரன்ஸ் ரினியூவல் அப்ப ஏஜென்ட் சொல்லித்தான் கம்பெனி வெப்சைட்ல சேஸி நம்பர போட்டு பாத்தேன், முன்னாடி பேசஞ்சர் சைடு ஏர்பேக் இன்ஃப்ளேட்டர் (பையை ஊத வைக்கற டப்பா) மாத்தணும், ரீகால் (கம்பெனியே திரும்பக் கூப்பிட்டு காசில்லாம மாத்தித் தர்றது) பாக்கி இருக்குனு வருது. டகாட்டாங்கற கம்பெனி செஞ்ச ஏர்பேக் வெடிக்கற மேட்டர்தான். பழைய ஓனர் சென்னைக்காரர், லெட்டர் வந்திருந்தா அவர் அட்ரஸுக்குத்தான் போயிருக்கும், எனக்கு ஒரு மெசேஜ் கூட வரல.

சர்வீஸ் சென்டர்ல கேட்டா "பார்ட் ஸ்டாக் இல்ல சார், வந்ததும் நாங்களே கூப்பிடறோம்"னு சொல்லி நம்பர வாங்கி வச்சுக்கிட்டாங்க, அதுக்கப்புறம் நான் கூப்பிடும் போதெல்லாம் அதே பதில்தான், எப்ப வரும்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க. அங்க இருக்கற அட்வைசர் "டேஷ்போர்டுல எஸ்ஆர்எஸ் லைட், அதான் ஏர்பேக் வார்னிங் லைட், எரியுதா? எரியலல்ல, அப்ப பயப்படாம ஓட்டுங்க"ங்கறார். எங்க தெரு எலக்ட்ரீசியன் ஃபியூஸ புடுங்கிடலாம்ங்கறார். இன்னொருத்தர் சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் மார்க்கெட்ல கழட்டின ஏர்பேக் கிடைக்கும், நாலாயிரம் ஐயாயிரம் ஆகும், வாங்கி மாட்டிடுங்கங்கறார்.

அந்த சீட்டுல உக்காரறது எங்கம்மா. டயாலிசிஸுக்கு புதுச்சேரி கூட்டிட்டு போகணும், பஸ்ஸுல அவங்களால முடியாது, அதனால வண்டிய நிறுத்தி வைக்கவும் வழியில்ல. வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஒர்க்‌ஷாப்_மணி:

ராம் சார், கோயமுத்தூருங்க நமக்கு, பல வருசமா இந்த வேலைதான். மொதல்ல அந்த லைட் விசயத்த சொல்லிர்றனுங்க, ஏன்னா அதுலதான் பாதி பேர் ஏமாந்து போறாங்க. எஸ்ஆர்எஸ் லைட் பாக்கறது வயரிங், சென்சார், கனெக்டர், ரெசிஸ்டன்ஸ் இது மட்டுந்தான். இன்ஃப்ளேட்டருக்குள்ள இருக்கற மருந்து நல்லா இருக்கா கெட்டுப்போச்சானு அதுக்குத் தெரியவே தெரியாது. சாவி போட்டதும் லைட் வந்து அணைஞ்சா சர்க்யூட் சரியா இருக்குனு அர்த்தம், அவ்வளவுதானுங்க. டகாட்டா இன்ஃப்ளேட்டர் வெடிச்சு ஆள் போன வண்டிகள்லயும் அந்த லைட் ஒண்ணும் சொல்லியிருக்காது. அட்வைசர் சொன்னத நம்பாதீங்க.

உள்ள என்ன நடக்குதுன்னா, பையை ஊதறதுக்கு ஒரு சின்ன இரும்பு டப்பாக்குள்ள மாத்திரை மாதிரி அழுத்தி வச்ச மருந்து இருக்கும். டகாட்டா இந்த மருந்துக்கு அம்மோனியம் நைட்ரேட்ட எடுத்துக்கிட்டான், வெல கம்மி, ஆனா ஈரத்த உறிஞ்சற சரக்கு. மழைக்காலத்துல மூடாம வச்ச உப்பு ஜாடி என்ன ஆகும்னு நம்ம எல்லாத்துக்கும் தெரியும். அதுலயும் பல மாடல்ல ஈரத்த உறிஞ்சிக்கற டெசிகன்ட் கூட போடல. பகல்ல வெயில் நைட்டுல குளிர்ச்சினு வருசக்கணக்கா மாறி மாறி அந்த மாத்திரை பொடியாயிடும், பொடியானது ஒரேடியா எரியும், பை ஊதற அளவுக்கு வரவேண்டிய பிரஷர் டப்பாவையே கிழிச்சுட்டு போயிடும், இரும்புத் துண்டு நேரா கழுத்துக்கும் மூஞ்சிக்கும் வரும். இடி பெருசா இருக்கணும்னு கூட இல்லைங்க, பை விரியற அளவுக்கு ஒரு மோதல் போதும். சாதாரணமா சிராய்ப்போட எறங்கி வந்திருக்க வேண்டியவங்க அதுல போயிருக்காங்க, எனக்கு ஆத்தாமையே அதுதான்.

ஈரம், வெயில், வண்டி வயசு, இந்த மூணும் சேர்ந்தா ஆபத்து ஜாஸ்தி. கடலூர் கடலோரம், 2011 வண்டி, பதினாலு வருசத்துக்கு மேல ஆச்சு. அமெரிக்காவுலயே ஃபுளோரிடா, டெக்சாஸ், ஹவாய் மாதிரி புழுக்கமான ஊருக்குத்தான் மொதல்ல பார்ட் குடுத்தாங்க. அமெரிக்காவுக்கு வெளிய மொத சாவு 2014ல மலேசியாவுல, அங்கயும் நம்ம மாதிரி வெக்கைதான். அதனால "பார்ட் வரட்டும் வெயிட் பண்ணுங்க"னு சொன்னா, வெயிட் பண்ண பண்ண ரிஸ்க் ஏறுதுன்னு அர்த்தம், அத அவங்க முன்னாடி சத்தமாவே சொல்லுங்க.

ஃபியூஸ புடுங்க வேண்டாமுங்க. பல வண்டில ஒரே ஃபியூஸ்ல மொத்த எஸ்ஆர்எஸ்ஸும் இருக்கும், டிரைவர் ஏர்பேக், சீட் பெல்ட்ட இழுத்துப் பிடிக்கற பிரிடென்ஷனர் எல்லாமே செத்துப்போயிடும். புதுப்பேட்டை சரக்கு அதவிட மோசம், அதே வருச வண்டில கழட்டினதுன்னா அதே டகாட்டாவாத்தான் இருக்கும், அதுவும் எத்தன நாள் மழையில கெடந்துச்சோ. நானே பாத்திருக்கேன், ஒரு வண்டி டேஷ்போர்ட திறந்தா உள்ள இன்ஃப்ளேட்டரே இல்ல, மஞ்சள் கனெக்டர்ல ஒரு சின்ன ரெசிஸ்டர சொருகி டேப் சுத்தி வச்சிருந்தான், லைட் வராம இருக்க. வாங்கினவருக்கு ஒண்ணும் தெரியாது.

உங்களுக்கு பேசஞ்சர் சைடு மட்டும்தான் பாக்கின்னா இன்னைக்கே அம்மாவ பின் சீட்டுக்கு மாத்திடுங்க, யாரையும் முன்னாடி உக்கார வைக்காதீங்க. டிரைவர் சைடுன்னா நான் ஓட்டவே வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்.

நெல்லை_கார்த்தி:

இவ்ளோ பயமுறுத்தணுமா அண்ணாச்சி? கோடிக்கணக்குல வண்டி ஓடுது, வெடிச்சது எத்தன? எங்க வீட்லயும் அந்தக் காலத்து வண்டிதான், ஒண்ணும் ஆகல. ரோட்ல லாரிக்காரன் இடிச்சு சாகறதுக்கு சான்ஸ் இதவிட ஜாஸ்தி. பார்ட் வரும்போது மாத்திக்கலாம்னுதான் எனக்கு தோணுது.

ஒர்க்‌ஷாப்_மணி:

கார்த்தி தம்பி, சராசரிய வச்சு பேசினா நீங்க சொல்றது சரி. ஆனா எல்லா வண்டிக்கும் ஒரே ரிஸ்க் இல்லைங்க. அமெரிக்காவுல 2001ல இருந்து 2003 வரைக்கும் வந்த சில ஹோண்டா, அக்யூரா வண்டிகள்ல "ஆல்ஃபா"னு ஒரு இன்ஃப்ளேட்டர் இருந்துச்சு, டெஸ்ட்ல அது வெடிக்கற வாய்ப்பு 50 சதவீதம் வரைக்கும் வந்துச்சுனு அவங்க அரசாங்கமே சொல்லி ஓட்டாதீங்கன்னாங்க. எல்லா ரக டகாட்டாவும் சேர்த்து அந்த நாட்டுல மட்டும் 28 பேர் செத்திருக்காங்க, காயம் 400 பேருக்கு மேல. 6 கோடியே 70 லட்சம் இன்ஃப்ளேட்டர திரும்பக் கூப்பிட்டாங்க. இது பயமுறுத்தல் இல்ல. அதுவும் லாரி வந்து இடிக்கறத நம்மால தடுக்க முடியாது, இத ஒரு மணி நேர வேலைல காசில்லாம தடுக்கலாம், அதான் என் கோவம்.

லாகூர்னேவ்_தம்பி:

ராம் அண்ணை, நான் பிரான்ஸில இருக்கிறன், எனக்கும் இதே கதைதான். என்ர கார் எந்தக் கொம்பனி எண்டு இங்க எழுதேல்ல. "உங்கட காரை உடன நிப்பாட்டுங்கோ, இனி ஓடாதேங்கோ" எண்டு கடிதம் வந்தது, சரி எண்டு நிப்பாட்டிப் போட்டு கராஜுக்கு அடிச்சா சாமான் இல்லை, திகதி தரேலாது எண்டினம். நான் விடிய நாலு மணிக்கு ரெஸ்ரோரண்ட் வேலைக்குப் போற ஆள், அந்த நேரம் ஆர்இஆர் எண்ட பாரிஸ் புறநகர் ரயிலும் இல்லை. ஓடாதே எண்டும் சொல்லுறாங்கள், திருத்தியும் தாறாங்கள் இல்லை, அப்ப நாங்கள் என்ன செய்யிறது?

இங்க சிட்ரோயன் சி3, டிஎஸ்3 கார்களைத்தான் முதல் நிப்பாட்டச் சொன்னவை, அதுவும் 2024ல தெற்குப் பக்கம், வெக்கையான இடங்களிலதான் துவங்கினது. வடக்கில இருக்கிற ஆக்கள் எங்களுக்குப் பிரச்சினை இல்லை எண்டு இருந்தவை. பிறகு 2025 ஜூனில ரான்ஸ் நகரத்தில சி3 ஓடிக்கொண்டு போன ஒரு பொம்பிளை ஏர்பாக் வெடிச்சுச் செத்தவா, அது வடக்குப் பக்கம், காரும் 2014 மொடல். அதுக்குப் பிறகுதான் வருசம் பாக்காமல், இடம் பாக்காமல் எல்லா சி3, டிஎஸ்3யையும் நிப்பாட்டினவை. பிரான்ஸ் கணக்கில செத்த ஆக்களில கனபேர் பிரான்சுக்குச் சொந்தமான தூரத்துத் தீவுகளான குவாடலூப், மார்த்தினிக், ரெயூனியனில இருந்தவை. ரெயூனியனில எங்கட தமிழ் வம்சாவளிச் சனமும் எவ்வளவு இருக்கு. தீவுச் சனத்துக்கு வருசக்கணக்கா நடந்தது பாரிசில இருக்கிறவைக்குக் கேக்கேல்லை, வடக்கில ஒண்டு நடந்தாப் பிறகுதான் மந்திரி வரைக்கும் போனது. எனக்கு அது சரியான கவலை.

நான் செய்ததைச் சொல்லுறன். ரெலிபோனை விட்டிட்டு ரெஜிஸ்டர் தபாலில எழுதினன், நீங்கள் ஓடாதே எண்டு சொன்ன கடிதத்தின்ர கொப்பியும் வைச்சு, மாற்றுக் கார் தாங்கோ எண்டு. அதுக்குப் பிறகுதான் கதைக்கிற விதமே மாறினது. நீங்களும் எழுத்தில கேளுங்கோ அண்ணை, வாயால கேட்டா ஒரு இடத்திலயும் பதிவு இருக்காது.

வக்கீல்_மீனா:

தம்பி சொன்னதுதான் சட்டப்படியும் சரி. மதுரைல நுகர்வோர் கேஸ் பாக்கறேன், அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன்.

நம்ம நாட்டுல ரீகாலுக்கு சட்டம் வந்தது லேட்டுதான். 2012ல இருந்து கம்பெனிகளோட சங்கமே வச்சிருந்த தன்னார்வ விதிமுறை இருந்துச்சு, அதுல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. 2019ல மோட்டார் வாகன சட்டத்த திருத்தி 110ஏ பிரிவ கொண்டு வந்தாங்க, விதிகள் 2021 ஏப்ரல் 1ல இருந்து அமல். அரசாங்கமே ரீகால் பண்ணச் சொல்லலாம், மீறினா 1 கோடி ரூபா வரைக்கும் அபராதம். கேக்க நல்லா இருக்கு, ஆனா ஏழு வருசத்துக்கு உட்பட்ட வண்டிக்குத்தான் அந்த விதி. இந்த டகாட்டா விசயத்துல வண்டி பழசாக பழசாகத்தான் ஆபத்து, அப்படி இருக்க பழைய வண்டிய சட்டம் வெளிய விட்டிருக்கறது பெரிய ஓட்டைன்னு நான் சொல்வேன். ஆஸ்திரேலியாவுல 2018லயே கட்டாய ரீகால் உத்தரவு போட்டு 2020 டிசம்பர் 31க்குள்ள முடிக்கணும்னு கம்பெனிகளுக்கு கெடு வச்சாங்க. இங்க எஃப்சி, ஆர்சி ரினியூவலுக்கு போறப்ப கூட ரீகால் பாக்கி இருக்கானு யாரும் பாக்கறதில்ல.

ராம் சார், அதுக்காக உங்களுக்கு வழியில்லன்னு நினைக்காதீங்க. கம்பெனியே அறிவிச்ச ரீகால், வெப்சைட்ல உங்க சேஸி நம்பருக்கு இன்னும் பாக்கினு காட்டுது, அப்ப அவங்க கடமை இன்னும் இருக்கு, நீங்க ரெண்டாவது ஓனர்ங்கறது பிரச்சனையே இல்ல. அந்த பக்கத்த தேதியோட ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. டீலர விட்டுட்டு நேரா கம்பெனி கஸ்டமர் கேருக்கு மெயில் போடுங்க, டீலருக்கு சிசி வைங்க. சேஸி நம்பர், ஆர்சி காப்பி, பார்ட் என்னைக்கு வரும்னு எழுத்துல சொல்லுங்க, அது வரைக்கும் இந்த வண்டி பாதுகாப்பானதுன்னு நீங்க உறுதி தர்றீங்களானு ஒரு வரி. இந்த கடைசி வரிக்கு எந்த கம்பெனியும் ஆமான்னு எழுதித் தராது, அதனாலயே மெயில் மேல போகும். பதினஞ்சு நாள்ல பதில் இல்லன்னா 1915 தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், அப்புறம் நோட்டீஸ், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்க குடியிருக்கற கடலூர்லயே கேஸ் போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். குடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ள இருந்தா ஃபீஸும் கிடையாது.

விரியாத ஏர்பேக் பத்தி தேடி இங்க வர்றவங்களுக்கும் ஒண்ணு, அது வேற பிரச்சனை, ஆனா 2022 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் ஹூண்டாய் கிரெட்டா வண்டி கேஸ்ல நல்ல தீர்ப்பு குடுத்திருக்கு. முன்னாடி மோதியும் பை விரியல, போதுமான வேகத்துல இடிக்கலன்னு கம்பெனி வாதாடுச்சு. வேகம், விசை எல்லாம் கணக்கு போட வண்டி வாங்கறவர் இயற்பியல் நிபுணரானு கோர்ட் கேட்டுச்சு, நஷ்டஈடு உத்தரவும் அப்படியே நின்னுச்சு.

கடலூர்_ராம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மீனா மேடம் சொன்ன மாதிரியே மெயில் போட்டேன், அந்த கடைசி வரியையும் சேர்த்து. டீலர்கிட்ட பேசிட்டு இருந்த வரைக்கும் கம்ப்ளைன்ட் நம்பர்னு ஒண்ணு இருக்குனே சொல்லல, இப்ப மறுநாளே நம்பர் வந்துச்சு, கம்பெனி ஆளு போன் பண்ணி வேற ஊர் டீலர்கிட்ட ஸ்டாக் இருக்கானு பாத்து சொல்றேன்னார். தேதிய மெயில்ல குடுங்கனு கேட்டிருக்கேன்.

அம்மாவ பின்னாடி உக்கார வச்சாச்சு. பின்னாடி உக்காந்தா தலை சுத்தி வாந்தி வரும் அவங்களுக்கு, டயாலிசிஸ் முடிஞ்சு வர்ற அன்னைக்கு இன்னும் கஷ்டம், ஜன்னல தெறந்து வச்சு மெதுவாத்தான் ஓட்டிட்டு வர்றேன். இத எல்லாம் அந்த சர்வீஸ் சென்டர்ல யாராவது யோசிக்கறாங்களானு தெரியல.

மணி அண்ணே, நாளைக்கு அவங்க மாத்திட்டோம்னு சொன்னா நிஜமா மாத்தினாங்களானு நான் எப்படி தெரிஞ்சுக்கறது? நீங்க சொன்ன அந்த ரெசிஸ்டர் கதைய படிச்சதுல இருந்து அதே நெனப்பா இருக்கு.

ஒர்க்‌ஷாப்_மணி:

கேக்க வேண்டிய கேள்விங்க. ஜாப் கார்டுல ரீகால் கேம்பைன் நம்பர், புது இன்ஃப்ளேட்டரோட பார்ட் நம்பர், சீரியல் நம்பர் எழுதச் சொல்லுங்க, லேபர் பார்ட் ரெண்டும் பூஜ்யம்னு பில் வாங்குங்க. கிளவ் பாக்ஸ் கழட்டறப்ப பக்கத்துல நிக்கறேன்னு கேளுங்க, மாட்டேன்னா மேனேஜர்கிட்ட போங்க, பேட்டரி நெகட்டிவ் கழட்டி கொஞ்ச நேரம் விட்டுட்டுத்தான் கை வைக்கணும், அவசரப்படுத்தாதீங்க. கழட்டின பழசு உங்களுக்கு தர மாட்டாங்க, அது கம்பெனிக்கு திரும்பப் போகணும், ஆனா போட்டோ எடுத்துக்கலாம். முடிஞ்சு ஒரு வாரத்துல வெப்சைட்ல உங்க சேஸி நம்பருக்கு பாக்கி இல்லனு மாறணும், மாறலன்னா வேல பதிவாகலனு அர்த்தம், விடாதீங்க.

இன்னொண்ணு, போடற புது பார்ட் டகாட்டாவா வேற கம்பெனியானு கேளுங்க. ஆரம்பத்துல சில எடத்துல பழசுக்கு பதிலா டகாட்டாவோட அதே ரக இன்ஃப்ளேட்டரையே புதுசா மாட்டி, அப்புறம் அத மறுபடி கூப்பிட்டு மாத்தினாங்க. டிரைவர் சைடுக்கும் இதே சேஸி நம்பர மூணு மாசத்துக்கு ஒருக்கா போட்டு பாருங்க, இந்த ரீகால் லிஸ்ட் ஒரே தடவைல வந்தது இல்ல, வருசம் வருசமா மாடல் சேர்த்துக்கிட்டே வந்தாங்க. கடலூர்ல முடியலன்னா சொல்லுங்க சார், இங்க எனக்குத் தெரிஞ்ச டீலர் ஒருத்தர்கிட்ட ஸ்டாக் கேட்டு பாக்கறேன்.